இங்கிலாந்துல சப்ஸ்டேஷன் கட்டடத்தோட தோற்றத்துக்கு கவுன்சில் அப்ரூவல் வாங்குறது எப்படி

போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணினான். ஊர்ல மின்வாரிய காண்ட்ராக்ட் வேலை அஞ்சு வருஷம் பார்த்துட்டு இப்ப இங்க இங்கிலாந்துல ஒரு கம்பெனில சேர்ந்திருக்கான். "அண்ணே, டிரான்ஸ்ஃபார்மர் சைஸ், எர்த்திங், கேபிள் ரூட் எல்லாம் முடிச்சாச்சு, ஆனா செங்கல் என்ன கலர்னு சரியா சொல்லலைன்னு கவுன்சில்ல ஃபைல் நிக்குது, இதெல்லாம் ஒரு விஷயமாண்ணே"ன்னு கேட்டான். விஷயம்தான்டா, பெரிய விஷயம்னு சொல்லி ஒரு மணி நேரம் பேசினேன், அன்னைக்கு பேசினதத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்து வேல்ஸ் எல்லாம் சட்டம் வேற.

முதல்ல நீங்க எந்த வழியில போறீங்கன்னு தெரிஞ்சுக்கணும். இங்கதான் பாதி பேர் தப்பு பண்றாங்க, வழி தெரியாம டிராயிங்க ஆரம்பிச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வேற ஃபார்ம் போடணும்னு தெரியவரும்.

சின்ன சப்ஸ்டேஷன்னா, அதாவது தெருமுனையில நிக்குற பச்சை கலர் ஜிஆர்பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) பெட்டி மாதிரி, மின் லைசென்ஸ் வச்சிருக்க கம்பெனிக்கு தனியா பிளானிங் பெர்மிஷன் பொதுவா தேவைப்படாது. 2015ல வந்த ஜெனரல் பெர்மிட்டட் டெவலப்மென்ட் ஆர்டர்னு ஒண்ணு இருக்கு, அதோட ரெண்டாவது ஷெட்யூல்ல பார்ட் 15, கிளாஸ் பி, அதுதான் மின்சாரக் கம்பெனிகளுக்கான பகுதி. அதுல தரைக்கு மேல வைக்குற சேம்பர் 29 கன மீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு வரம்பு இருக்கு. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம்னு போட்டா 28.8, தப்பிச்சீங்க. அதே பெட்டிய 2.5 மீட்டர் உயரமா ஆர்டர் பண்ணிட்டா 30, வரம்பத் தாண்டிருச்சு, வெறும் பத்து சென்டிமீட்டர்ல உங்க வழியே மாறிடும். அதனால கேட்டலாக் பார்த்து பெட்டி ஆர்டர் கொடுக்குறதுக்கு முன்னாடி இந்தப் பெருக்கல ஒரு தடவை போட்டுப் பாருங்க.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்ச்கியர் (மின்சாரத்த இணைக்கவும் துண்டிக்கவும் உள்ள சாமான்) எல்லாம் வச்சு செங்கல் கட்டடமா கட்டப் போறீங்கன்னா அதே கிளாஸ் பி-யில (இ), அதாவது இங்கிலீஷ் e, உட்பிரிவு. கம்பெனியோட ஆபரேஷனல் லேண்ட்ல (அந்த மின் வேலைக்குன்னே வச்சிருக்க நிலம்), மெஷினரியப் பாதுகாக்குறதுக்காக மட்டுமே, 15 மீட்டர் உயரத்துக்கு மேல போகாம கட்டுற கட்டடம்னா கட்டலாம்ங்குற அனுமதிய அந்த ஆர்டரே கொடுத்துடுது. ஆனா ஒரு கண்டிஷன், வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி கட்டடத்தோட டிசைன், வெளித்தோற்றம் ரெண்டுக்கும் உள்ளூர் பிளானிங் அத்தாரிட்டிகிட்ட அப்ரூவல் வாங்கியே ஆகணும். இந்த வரியத்தான் நிறைய பேர் படிக்கிறதில்ல. "பெர்மிட்டட் டெவலப்மென்ட்தானே, கவுன்சிலுக்கு எதுக்கு போகணும்"னு அஸ்திவாரம் தோண்டிட்டா அனுமதியே அடிபட்டுடும், அப்புறம் என்ஃபோர்ஸ்மென்ட் லெட்டர் வந்து நிக்கும்.

அந்த உட்பிரிவுல ரெண்டு வார்த்தைய நல்லா கவனிங்க. "மட்டுமே"ன்னு இருக்கு, அதனால கட்டடத்துக்குள்ள ஸ்டாஃப் ரூம், ஆபீஸ், ஸ்டோர்னு சேர்த்தீங்கன்னா இது மெஷினரிக்கு மட்டும் இல்லையேன்னு கேள்வி வரும். இன்னொண்ணு "ஆபரேஷனல் லேண்ட்". நேத்து ஒரு விவசாயிகிட்ட வாங்கின வயல் கம்பெனி பேருக்கு வந்த உடனே ஆபரேஷனல் லேண்ட் ஆகிடாது, 1990 டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் ஆக்ட்ல 263, 264 செக்ஷன்ல அதுக்கு விளக்கம் இருக்கு, வக்கீல்கிட்ட காட்டி எழுத்துல ஒரு பதில் வாங்கி வச்சுக்கோங்க. அந்த லேண்ட் இல்லைன்னா, இல்ல உங்க கம்பெனிகிட்ட மின் லைசென்ஸே இல்லைன்னா, சோலார் பார்க் பேட்டரி பார்க் போடுற பல பேர் இந்த நிலையிலதான் இருக்காங்க, கிளாஸ் பி உங்களுக்கு இல்ல, முழு பிளானிங் அப்ளிகேஷன்தான்.

மூணாவது வழி, ஒரு பெரிய ஸ்கீமுக்கு, புது வீட்டு காலனின்னு வச்சுக்கோங்களேன், ஏற்கனவே அவுட்லைன் பெர்மிஷன், அதாவது விவரம் எல்லாம் இல்லாம கொள்கை அளவுல கொடுக்குற அனுமதி, வாங்கியிருப்பாங்க. அதுல ஆக்சஸ், அப்பியரன்ஸ், லேண்ட்ஸ்கேப்பிங், லேஅவுட், ஸ்கேல்னு அஞ்சு விஷயத்த பின்னாடி பார்த்துக்கலாம்னு ஒதுக்கி வைக்கலாம், அதுதான் ரிசர்வ்டு மேட்டர்ஸ். உங்க சப்ஸ்டேஷனுக்கு அதுல அப்பியரன்ஸ் பாக்கி இருக்கான்னு டெசிஷன் நோட்டீஸ எடுத்து கண்டிஷன் ஒண்ணு விடாம படிங்க. தேதியையும் பாருங்க, வழக்கமா அவுட்லைன் கிடைச்ச நாள்ல இருந்து 3 வருஷத்துக்குள்ள ரிசர்வ்டு மேட்டர்ஸ் அப்ளிகேஷன் உள்ள போயிருக்கணும், கடைசி அப்ரூவல்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள வேலை ஆரம்பிச்சிருக்கணும். தேதி தாண்டிட்டா எவ்வளவு அழகான டிராயிங் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. அப்புறம் அவுட்லைன்ல ஒத்துக்கிட்ட அளவ விட கட்டடம் பெருசாகிடுச்சுன்னா அத ரிசர்வ்டு மேட்டர்ஸ்ல நுழைக்க முடியாது, சின்ன மாற்றம்னா அதே 1990 ஆக்டோட 96ஏ செக்ஷன், அதுக்கு மேலன்னா 73வது செக்ஷன்ல கண்டிஷன மாத்தக் கேட்கணும்.

சரி, வழி தெரிஞ்சுபோச்சு. இனிமே தோற்றம்னா என்னன்னு பார்ப்போம். 2015 டெவலப்மென்ட் மேனேஜ்மென்ட் புரொசீஜர் ஆர்டர்ல அப்பியரன்ஸ்க்கு விளக்கம் இருக்கு, பார்க்குறவங்க மனசுல அந்தக் கட்டடம் என்ன மாதிரி பதியுதோ அத தீர்மானிக்கிற எல்லாமும், வெளி வடிவம், கட்டடக்கலை, மெட்டீரியல், அலங்காரம், லைட்டிங், கலர், சொரசொரப்பு வரைக்கும். லைட்டிங்னு இருக்கு பாருங்க, கதவுக்கு மேல ஒரு செக்யூரிட்டி லைட் போட்டாலும் அது தோற்றத்துல சேர்த்திதான், எலிவேஷன்ல (கட்டடத்த ஒவ்வொரு பக்கமும் நேரா பார்த்து வரையுற படம்) காட்டுங்க.

டிராயிங் போர்டுக்கு போறதுக்கு முன்னாடி சைட்டுக்கு போங்க. நான் எப்பவும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போவேன், தெருவோட ரெண்டு கோடியில இருந்தும் எதிர் வீட்டு வாசல்ல இருந்தும் போட்டோ எடுப்பேன், ஏன்னா ஆபீசர் சைட் விசிட் வரும்போது அங்கதான் நிப்பாங்க. சுத்தி இருக்க வீடுகள்ல என்ன செங்கல், எந்த பாண்டு (கல் அடுக்குற முறை), கூரை ஓடா ஸ்லேட்டா, கூரை சரிவு எவ்வளவுன்னு நோட் பண்ணிக்கணும். லண்டன்ல பழைய தெருன்னா மஞ்சள் நிற ஸ்டாக் செங்கலா இருக்கும், கொஞ்சம் கறுத்துப் போயிருக்கும், அதுக்கு நடுவுல பளபளன்னு ஆரஞ்சு செங்கல்ல ஒரு பெட்டியக் கட்டினா கண்ண உறுத்தும். கன்சர்வேஷன் ஏரியாவான்னு (பழைய தோற்றத்தப் பாதுகாக்க ஒதுக்கின பகுதி) கவுன்சில் மேப்ல பாருங்க, அந்த ஏரியாவோட குணத்தக் காப்பாத்துறதுக்கும் மேம்படுத்துறதுக்கும் கவுன்சில் தனி கவனம் கொடுத்தே ஆகணும்னு 1990லயே சட்டம் இருக்கு, அதனால அங்க கேள்வி ரெண்டு மடங்கா வரும்.

அடுத்து, எது மாறாது எது மாறும்னு இன்ஜினியர் கூட உக்காந்து ஒரு நாள் பேசுங்க. என் அனுபவத்துல முக்காவாசி சண்டை இங்க ஆரம்பிக்குது. ஆர்க்கிடெக்ட் அழகா ஒரு முகப்பு வரைஞ்சு அப்ரூவல் வாங்கிடுவாரு, அப்புறம் மின் கம்பெனி வந்து டிரான்ஸ்ஃபார்மர் சூட்டுக்கு இந்த லூவர் (காத்து போக சாய்வா பட்டை வச்ச திறப்பு) பத்தாது, கதவு சின்னது, டிரான்ஸ்ஃபார்மர மாத்தணும்னா எப்படி வெளிய எடுப்பீங்கன்னு கேப்பாங்க, மொத்தமும் திரும்ப முதல்ல இருந்து. அதனால லூவருக்கு எத்தனை சதுர மீட்டர் காத்துவழி வேணும், பெரிய சாமான் வெளிய வர கதவு எவ்வளவு உயரம், கிரேன் எந்தப் பக்கம் நிக்கும், வெள்ளம் வர்ற இடம்னா தரைய எவ்வளவு தூக்கணும், இதையெல்லாம் எழுத்துல வாங்கிக்கோங்க. தரைய ஒரு மீட்டர் தூக்கினா கூரையும் ஒரு மீட்டர் ஏறும், முன்னாடி படிக்கட்டு, கைப்பிடி எல்லாம் வரும், இதுவும் தோற்றம்தான். திறந்தவெளியில மூடாத லைவ் சாமான் இருந்தா குறைஞ்சது 2.4 மீட்டர் உயர வேலியோ சுவரோ இருக்கணும்னு 2002 மின் பாதுகாப்பு ரெகுலேஷன் சொல்லுது, அத குறைக்க முடியாது, ஆனா அது முள் வச்ச இரும்பு பாலிசேடா இல்ல செங்கல் சுவரான்னு நீங்க முடிவு பண்ணலாம். மஞ்சள் அபாயப் பலகையும் கட்டாயம் வரும், அதையும் டிராயிங்ல போடுங்க. அப்ரூவ் ஆன டிராயிங்ல இல்லாத பலகை, பைப், விளக்கு எல்லாம் கடைசியில ஒண்ணொண்ணா ஒட்டிக்கிட்டு வந்தா அந்த முகப்பு அலங்கோலமாயிடும்.

லூவர்தான் சப்ஸ்டேஷன் முகத்துல பெரிய தலைவலி. ஜன்னல் கிடையாது, பால்கனி கிடையாது, மொட்டைச் சுவரு, ரெண்டு பெரிய கதவு, நடுவுல சாம்பல் கலர் லூவர். அத வீடுகளப் பார்க்காத பக்கம் திருப்ப முடியுமான்னு முதல்ல பாருங்க. முடியலைன்னா ஒரு கல் விட்டு ஒரு கல் வச்சு சல்லடை மாதிரி செங்கல் சுவரு கட்டி பின்னாடி வலை போடலாம். 2012 ஒலிம்பிக்ஸுக்காக லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டுல நார்டுங்குற கிளாஸ்கோ ஆர்க்கிடெக்ட் கம்பெனி டிசைன் பண்ணின பிரைமரி சப்ஸ்டேஷன நேர்ல போய் பாருங்க, கறுப்பு கலந்த செங்கல், மேல் பகுதியில செங்கலுக்கு நடுவுல ஓட்டை விட்டு கட்டியிருக்காங்க, ஒரே மெட்டீரியல்ல கனமான கீழ்பகுதியும் லேசான மேல்பகுதியும் கிடைச்சிருக்கு. ஆனா ஓட்டைச் சுவர்ல காத்துவழி லூவர விட குறைவாத்தான் கிடைக்கும், இன்ஜினியர்கிட்ட கணக்கு போடச் சொல்லாம வரையாதீங்க.

இப்ப டிராயிங். லொகேஷன் பிளான் 1:1250, இல்ல ஊருக்கு வெளியன்னா 1:2500, சைட்ட சுத்தி சிவப்புக் கோடு, உங்களுக்கு பக்கத்துல வேற நிலம் இருந்தா அதுக்கு நீலக் கோடு, வடக்கு அம்புக்குறி. சைட்டுக்குள்ள கட்டடம் எங்க நிக்குதுன்னு காட்டுற பிளாக் பிளான் 1:500 இல்ல 1:200. நாலு பக்க எலிவேஷனும் 1:100 இல்ல 1:50, பின்பக்கத்த யாரும் பார்க்க மாட்டாங்கன்னு விட்டுடாதீங்க, பின்பக்கம் யாரோ ஒருத்தர் வீட்டுத் தோட்டமா இருக்கும். பக்கத்து வீட்டோட உயரத்தையும் சேர்த்து தெரு முழுக்க ஒரே நீளப் படமா ஒண்ணு வரைங்க, சட்டத்துல கட்டாயம்னு இல்ல, ஆனா ஆபீசருக்கு ஒரே பார்வையில புரியும், அந்த ஒரு ஷீட்டால எனக்கு எத்தனையோ ஈமெயில் மிச்சமாகியிருக்கு. கவரிங் லெட்டர்ல எந்த வழியில கேக்குறீங்கன்னு முதல் வரியிலயே எழுதிடுங்க, "பார்ட் 15, கிளாஸ் பி (இ), டிசைன் மற்றும் வெளித்தோற்றத்துக்கான அப்ரூவல்"னு. எழுதாம விட்டா அத முழு அப்ளிகேஷனா பதிவு பண்ணி இது இல்ல அது இல்லன்னு திருப்பி அனுப்புவாங்க, எனக்கே ஒரு தடவை அப்படி ஆகி ஆறு வாரம் போச்சு.

மெட்டீரியல் ஷெட்யூல்தான், அதாவது வெளிய தெரியுற மெட்டீரியல் ஒவ்வொண்ணும் என்னன்னு எழுதுற பட்டியல், என்னைப் பொறுத்தவரை இந்த வேலையோட உயிர். இங்க நான் பட்டத சொல்லணும். வந்த புதுசுல ஒரு கிராமத்துல 33 கேவி சப்ஸ்டேஷன் கட்டடம், டிராயிங்ல "சுற்றுப்புற வீடுகளுக்கு ஒத்த சிவப்பு செங்கல்"னு ஒரே வரி எழுதியிருந்தேன். அப்ரூவல் வந்துருச்சு, சாம்பிள் காட்டணும்னு ஒரு கண்டிஷனோட. நாங்க ஒரு கல்ல எடுத்துட்டுப் போய் காட்டினோம், ஆபீசர் சரின்னுட்டாங்க. சுவரு இடுப்பு உயரம் வந்தப்போ எதிர் வீட்டுல இருந்த ஒரு வயசான அம்மா வெளிய வந்து, ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க, "நான் தினமும் பாத்திரம் கழுவும்போது இதத்தான் பார்க்கணும், எங்க வீடு எல்லாம் மங்கலா இருக்கு, உங்களது மட்டும் ஏன் கோடு கோடா தெரியுது"ன்னு கேட்டாங்க. அப்புறம்தான் நின்னு பார்த்தேன். கல்லு சரியான கல்லுதான், கலவைதான் தப்பு. பக்கத்து வீடெல்லாம் பழைய சுண்ணாம்புக் கலவை, மணல் நிறம், நாங்க போட்டது சாம்பல் சிமெண்ட்.

கணக்கு போட்டுப் பாருங்க. இந்த ஊரு செங்கல் முகம் 215க்கு 65 மில்லிமீட்டர், கலவையோட சேர்த்தா 225க்கு 75. அப்ப சுவரோட பரப்புல கிட்டத்தட்ட 17 சதவீதம், ஆறுல ஒரு பங்கு, வெறும் கலவைதான். அந்த ஆறுல ஒரு பங்கு தப்பான நிறத்துல இருந்தா மீதி அஞ்சு பங்கும் வேற மாதிரி தெரியும். இடுப்பு உயரம் வரைக்கும் பாயிண்டிங்க (கல் இடுக்குல வெளிய தெரியுற கலவை) சுரண்டி எடுத்து திரும்ப பண்ணினோம், செலவு எங்க தலையில. அந்த அம்மா சொன்னது நூத்துக்கு நூறு நியாயம், உள்ள இருக்க மெஷின நாங்க என்னைக்காவது வந்து பார்ப்போம், வெளிய இருக்க சுவர அவங்க தினமும் பார்க்குறாங்க.

அதனால ஷெட்யூல்ல செங்கல் பேரு, தயாரிப்பாளர், பாண்டு (ஃபிளெமிஷா, ஸ்ட்ரெச்சரா), கலவையோட நிறமும் மணலும், பாயிண்டிங் உள்வாங்கினதா சமமா, ஓடு என்ன, கதவு லூவர் வேலிக்கு ஆர்ஏஎல் இல்ல பிஎஸ் கலர் நம்பர், மழைநீர் பைப் கலர், எல்லாம் எழுதுங்க. ஜிஆர்பி பெட்டிகள்ல அடிக்கடி பார்க்குற பச்சை பிஎஸ் 4800ல 14 சி 39, செடி கொடி பின்னணியில நல்லாத்தான் இருக்கும், ஆனா செங்கல் தெருவுல அந்தப் பச்சைக் கதவு துருத்திக்கிட்டு தெரியும், அங்க அடர் சாம்பல் ஆர்ஏஎல் 7016 மாதிரி ஏதாவது கேளுங்க. கதவு உயரம், லூவர் உயரம் எல்லாத்தையும் 75 மில்லிமீட்டரோட மடங்குல வைங்க, 2.4 மீட்டர்னா சரியா 32 வரிசை வரும், கொத்தனார் கல்ல வெட்டி வெட்டி ஒட்ட வேண்டியதில்ல.

அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கவங்ககிட்ட ஒரு தடவை போய் பேசிடுங்க. அவங்க எழுதுற ஆட்சேபணைல பாதி தோற்றத்தப் பத்தியே இருக்காது, சத்தம், கதிர்வீச்சு, வீட்டு விலைன்னு இருக்கும். சட்டப்படி டிசைன், வெளித்தோற்றம் மட்டும் பார்க்குற அப்ரூவல்ல கட்டடம் அங்க வரலாமா வேணாமாங்குற கேள்விக்கு இடமில்ல, ஆனா அதச் சொல்லி அவங்க வாய அடைக்காதீங்க, அது தப்பு. டிரான்ஸ்ஃபார்மர் உறுமல் 50 ஹெர்ட்ஸ் சப்ளைக்கு 100 ஹெர்ட்ஸ்ல வரும், ராத்திரி அமைதியில அது கேக்கத்தான் செய்யும், லூவர் எந்தப் பக்கம் பார்க்குதுங்குறது முகத்துக்கும் சத்தத்துக்கும் சேர்த்தே பதில் சொல்ற விஷயம்னு அவங்ககிட்ட டிராயிங் வச்சு காட்டுங்க. பல பேரு அதுலயே சமாதானமாயிடுவாங்க.

"சப்ஸ்டேஷன்தானே, எதுக்கு இவ்வளவு"ன்னு உங்க மேனேஜர் கேட்டா ரெண்டு இடத்தக் காட்டுங்க. லண்டன் மேஃபேர்ல டியூக் ஸ்ட்ரீட் சப்ஸ்டேஷன், 1905ல முடிச்சது, ஸ்டான்லி பீச் டிசைன், மேல பிரவுன் ஹார்ட் கார்டன்ஸ்னு கல் பதிச்ச தோட்டம், ஜனங்க அங்க உக்காந்து மதியச் சாப்பாடு சாப்பிடுறாங்க, கீழ மின்சாரம் ஓடுது. இன்னொண்ணு ஷெஃபீல்டு மூர் ஸ்ட்ரீட், 1968ல முடிச்ச முரட்டு கான்கிரீட் கட்டடம், 2013ல கிரேடு 2 லிஸ்டட் ஆயிடுச்சு, அதாவது பாதுகாக்க வேண்டிய கட்டடங்களோட பட்டியல்ல சேர்ந்துடுச்சு. ஒண்ணு மென்மையா இருக்கு, ஒண்ணு முரடா இருக்கு, ரெண்டையும் இன்னைக்கு சட்டம் பாதுகாக்குது.

ரிசர்வ்டு மேட்டர்ஸ்க்கு சின்ன ஸ்கீம்னா 8 வாரம், பெரிய ஸ்கீம்னா 13 வாரம்னு காலக்கெடு. நடுவுல ஆபீசர் மாத்தம் கேட்டு கெடுவ நீட்டிக்க சம்மதமான்னு கேட்டா, அவங்க கேக்குற மாத்தம் நியாயமா இருந்தா ஒத்துக்கோங்க, நிராகரிப்பு வாங்கி அப்பீல் போறத விட அது சீக்கிரம் முடியும். நிராகரிச்சா 6 மாசத்துக்குள்ள அதே 1990 ஆக்டோட 78வது செக்ஷன்ல பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு அப்பீல் போகலாம், ஆனா கலவை நிறத்துக்கு அப்பீல் போன ஆள நான் பார்த்ததில்ல, அது போன் பேசி தீர்க்க வேண்டிய விஷயம்.

அப்ரூவல் வந்த பிறகு பெரும்பாலும் சாம்பிள் பேனல் கண்டிஷன் இருக்கும். ஒரு கல்லக் கொண்டு போய் காட்டாதீங்க. சைட்லயே ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சுவரு, அதே கொத்தனார், அதே மணல், அதே பாயிண்டிங்ல கட்டி, கலவை நல்லா காயட்டும், ஈரமா இருக்கும்போது எல்லா கலவையும் ஒரே நிறமாத்தான் தெரியும். காஞ்சதும் ஆபீசர வரச் சொல்லுங்க, போட்டோ எடுங்க, எழுத்துல ஒப்புதல் வாங்குங்க. அந்தப் பேனல கடைசி வரிசை கல்லு வைக்குற வரைக்கும் இடிக்காம, மழை நனைக்காம மூடி வைங்க, நடுவுல கொத்தனார் மாறினாலோ மணல் லோடு வேற குவாரியில இருந்து வந்தாலோ அத ஒட்டி நின்னுதான் சரிபார்க்க முடியும்.